இசக்கிக்கு ஒரு மிதவை

தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் மலையில் விட்டுவிட்டு, காணாமல் போன ஒன்றைத் தேடிப் போனார் மேய்ப்பர். பிரசங்கத்தில் சாமி இதை மூன்றாவது தடவை சொல்கிறார். புதுச் சாமி, கடலே இல்லாத ஊர்க்காரர், ஆடு என்றால் அவருக்குத் தொண்டை திறந்துகொள்கிறது. வலை கிழியக் கிழிய மீன் பிடித்த அதிசயம் வந்த ஞாயிற்றுக்கிழமை கால்மணி நேரத்தில் முடித்துவிட்டார். இந்த அலங்காரத்துறைக் கோயிலில் மீனைச் சுருக்கி ஆட்டை நீட்டுகிற முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். நீட்டட்டும், இன்றைக்கு எனக்கு நல்லதுதான், எவ்வளவு நேரம் பேசுகிறாரோ அவ்வளவு நேரம் என் கை மூடியே இருக்கலாம். கைக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் ஒரு மிதவை, ஒரு ஈயக்குண்டு. மிதவை எலுமிச்சங்காய் அளவு, ஸ்டானிஸ்லாஸ் கல்யாணமான புதிதில் வாங்கிய வலையில் இருந்தது, அந்த வலை வீட்டுப் பின்னால் மக்கிக் கிடக்கிறது, நல்ல வலையெல்லாம் வள்ளத்தில் இருப்பதால் அவசரத்துக்கு அதிலிருந்துதான் அறுத்தேன். பிளாஸ்டிக் வெளுத்துவிட்டது. ஆட்டினால் உள்ளே மணல் கிலுங்குகிறது, பெருவிரலுக்கடியில் ஒரு கீறல் தட்டுப்படுகிறது, நகம் அதில் போய்ப் போய் விழுகிறது. ஈயம் முதலில் குளிர்ந்திருந்தது, இப்போது என் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு சொந்தக்காரன் போல உட்கார்ந்திருக்கிறது. பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் நீல டிரம்மில் கடல் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். விடிவெள்ளி கால்பந்து கிளப்புக்கு மீனில் பங்கு வைக்கிற வள்ளம் பதிமூன்று, வள்ளத்துக்கு ஒரு ஓட்டு. வெளியூர் ஆட்டக்காரன் இசக்கிராஜை அடுத்த வருஷமும் வைத்துக்கொள்வோம் என்றால் மிதவை, போதும் அனுப்பிவிடுவோம் என்றால் ஈயம். டிரம்மின் வாயைச் சாக்கு போட்டு மூடியிருக்கும், அதன் அடியில் மூடின கையைத் தண்ணீருக்குள் விட்டுத் திறக்க வேண்டும். எல்லாரும் போட்ட பிறகு ஜெபமாலையில் ஒரு பத்துமணி ஜெபம், அது முடிந்ததும் உபதேசியார் மேலே கிடப்பதை எண்ணுவார். கீழே கிடப்பதை யாரும் எண்ணுவதில்லை. கலங்கல் தண்ணீர், அடியும் தெரியாது. எழுதத் தெரியாத காலத்து வழக்கமாம். இப்போது ஊரே போனும் கையுமாக அலைகிறது, ஆனாலும் டிரம்மை மட்டும் விடமாட்டோம் என்கிறார்கள்.

ரகசிய ஓட்டு என்றுதான் பெயர். ரகசியத்தின் அழகு என்னவென்றால், ஆறு பேர் மிதவை ஆறு பேர் ஈயம் என்று மீன் ஏலம் போடுகிற இடத்தில் நேற்றே எல்லாருக்கும் தெரியும், யார் யார் என்றும் தெரியும். மிச்சம் நான். டெல்பின், ஸ்டானிஸ்லாஸ் பெண்டாட்டி. அவர் ஓமனில் இருந்த சமயம் வாங்கியதால் வள்ளம் என் பேரில் பதிவானது, அவ்வளவுதான் விஷயம், மற்றபடி என் ஓட்டை வருஷாவருஷம் என் கொழுந்தன் கஸ்பார்தான் போட்டுக்கொண்டிருந்தான். போன வருஷம் எவனோ இன்னொருத்தன் வள்ளத்துக்கும் சேர்த்து இரண்டு ஈயம் போட்டான் என்று அடிதடி ஆகி, இனிமேல் வள்ளம் யார் பேரிலோ அவர்தான் நேரில் வந்து போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் நான். ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் கஸ்பார் இருமுகிறான். அவனுக்கு இருமலே கிடையாது. என்னை ஞாபகப்படுத்துகிறானாம். எனக்கா ஞாபகம் இல்லை, நேற்று அடுக்களை வாசலில் நின்று அவன் சொன்னது காதை விட்டுப் போகவே இல்லை. நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன், அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், "மைனி, மிதவ மேல வந்துதுன்னா வள்ளத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க, கேட்டியளா" என்றான். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எஞ்சின் பிடிக்கிறவன் அவன். மற்ற நாலு பேரும் அவன் சொன்னால் ஏறுவார்கள், அவன் சொன்னால் இறங்குவார்கள். அவன் கையை விட்டால் வள்ளம் கரையில் கிடந்து வெயில் குடிக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் போனில் வந்தார். ஓமனில் அவருக்கு வெள்ளிதான் விடுமுறை, வெள்ளிதான் எனக்கு உத்தரவு வருகிற நாள். "ஏ டெல்பி, கஸ்பாரு சொல்லுதத கேளு. ஈயத்தப் போடு. அஜின் பய வளந்துட்டான், வீட்டுப் பிள்ளய வெளிய இருத்திட்டு வந்தவனுக்கு எதுக்குப் பங்கு? ஞாயிற்றுக்கெழம பூச கழிஞ்ச ஒடனே விளிக்கேன்." நான் "ம்" என்றேன். பதினெட்டு வருஷமாக இந்த "ம்" எனக்கு நன்றாக வருகிறது. அஜின் கஸ்பாரின் மகன், நல்ல பையன், பெரியம்மா பெரியம்மா என்று வருவான், இடது கால் அவனுக்கு நன்றாகவே பேசும். இசக்கி போனால் அந்த இடம் அஜினுக்கு. குடும்பத்துக்கு நல்லது, பங்கும் மிச்சம், ஈயம் போட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று நான் எண்ண ஆரம்பிக்கிறேன், எண்ணி எண்ணி என்னிடம் வரும்போது எண்ணிக்கை நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. சாமி ஆட்டைத் தோளில் தூக்கி வைத்துவிட்டார், அப்பாடா, இனி வீட்டுக்குக் கொண்டுபோவார், நண்பர்களைக் கூப்பிடுவார், முடிப்பார். அந்தத் தொண்ணூற்றொன்பதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கஸ்பாராக இருந்தால் எழுந்து நின்று கேட்டிருப்பான். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருத்தனுக்குக் கொடுப்பதை வைத்து மூன்று பையன்களுக்குப் பூட்ஸும் முட்டையும் வாங்கிக் கொடுத்து வளர்க்கலாம் என்று அவன் சொல்வதில் என்ன தப்பு?

தப்பு என்ன என்றால் நான் பார்த்துவிட்டேன். அதுதான் தப்பு. பார்க்காமல் இருந்திருந்தால் ஈயம் எப்போதோ கையில் தனியாக நின்றிருக்கும். முந்தின வருஷம், புதுமணல் ஊர்த் திருவிழா ஆட்டம், அவர்கள் ஊர் மைதானம், அவர்கள் ஊர் மைக்செட், எட்டு வருஷமாக நாங்கள் அங்கே போய் அடி வாங்கித் திரும்புவதுதான் வழக்கம், அவர்கள் எங்களுக்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் சோடா கொடுப்பார்கள். பெண்களெல்லாம் கடலரிப்புக்குப் போட்ட பாறைகள் மேல் ஏறி நின்றோம். அன்றைக்குத்தான் முதல் தடவை இசக்கி. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன், பையன் என்ன, அப்போதே முப்பது இருக்கும், குட்டையான ஆள், நெற்றியில் திருநீறு, நடந்து வரும்போது இவனுக்கா வள்ளத்துக்கு வள்ளம் முழுப் பங்கு என்று லில்லிபுஷ்பம் என் காதில் கேட்டாள். பந்து அவன் காலுக்கு வந்தது. எல்லாரும் ஓடு ஓடு என்று கத்துகிறார்கள். ஓடினான். வேகம் ஒன்றும் பெரிதில்லை, எங்கள் அஜின் அவனை விட வேகமாக ஓடுவான். மைதானத்து ஓரக் கோட்டை ஒட்டி ஓடுகிறான், இரண்டு பேர் பக்கத்தில், மூன்றாவது ஆள் முன்னால், அப்போது எனக்குள் ஏதோ தெரிந்துவிட்டது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது, வாயைத் திறந்து, ஊரே ஓடு என்று கத்தும்போது நான் மட்டும் "நில்லூ!" என்று கத்தினேன். நின்றான். அப்படியே நின்றான், பந்தும் அவன் காலடியில் நின்றது, அந்த மூன்று பேரும் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள், ஒருத்தன் கோட்டைத் தாண்டி ஐஸ்காரன் சைக்கிள் வரைக்கும் போனான். ஐயோ என் மாதாவே, என்ன சிரிப்பு, என்ன அழுகை, என் சேலை பாறையில் சிக்கிக் கிழிந்ததுகூட வீட்டுக்கு வந்துதான் தெரியும். அவன் அதன் பிறகு நிதானமாக, வாசலில் கோலத்தை மிதிக்காமல் போகிறவன் போல, உள்ளே போய் அடித்தான். இரண்டு கோல். மைக்செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டான்.

நான் கடற்கரையில் பையன்களோடு ஓடியிருக்கிறேன். தண்ணீர் வற்றின நேரம் ஈர மணல் கெட்டியாக இருக்கும், இரண்டு துடுப்பை ஊன்றினால் கோல். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினால் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. அதனால்தான் தெரியும், ஓடுவது ஒரு பெரிய விஷயமே இல்லை, பயத்தில் எல்லாரும் ஓடலாம். நிற்பதுதான் வராது. நின்றால் பின்னால் வருகிறவன் மேலே விழுவான், முன்னால் இருக்கிறவன் சிரிப்பான், உடம்பு கேட்காது. எனக்குப் பதின்மூன்று வயதானபோது ஓட வேண்டாம் என்றார்கள், சரி என்று வீட்டுக்குள் வந்துவிட்டேன், அதற்குப் பெயர் நிற்பது இல்லை. இசக்கி ஒரு நாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தான். கடலில் கால்கூட நனைக்க மாட்டான், அவ்வளவு பயம், அலையைப் பார்த்தால் இரண்டு அடி தள்ளி நிற்பான், குளிப்பதெல்லாம் குழாயடியில்தான், ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "யக்கா, பாற மேல நின்னு நில்லுன்னு கத்துனது நீங்கதான?" என்றான். நான் வெட்கத்தில் இல்லை என்றேன். "நீங்கதான், கொரல் தெரியுது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கரெக்டா அப்பத்தான் நிக்கப் போனேன்." அவ்வளவுதான் பேசினான். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் குழாயை அடைக்காமல் நின்றேன். அன்றைக்கு முழுவதும் வீட்டில் எதைத் தொட்டாலும் எனக்கு நன்றாக வந்தது.

விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்து நிற்கிறோம். வாய் சொல்கிறது, மனசு வேறு கணக்கில். சரி, அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு. போன மாதம் கிளப் படியில் இறங்கும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. நான் பார்த்தேன். முட்டு போனால் நிற்பது போகும். நிற்பது போனால் இசக்கியில் மிச்சம் என்ன, ஒரு திருநீறு, ஒரு சிரிப்பு. அதற்கு முழுப் பங்கா? இந்த வருஷம் கடலும் சரியில்லை, ஆனி ஆடியில் வள்ளம் டீசல் பிடித்துப் போய் ஒரு கூடை நெத்திலியோடு வந்தது, அதிலும் கிளப் பங்கை எடுத்து வைக்க வேண்டும், அந்தக் கூடையைப் பார்த்தபோது எனக்கே வயிறு எரிந்தது, நான் ஒன்றும் மாதா சொரூபம் இல்லை. அப்புறம் அந்தப் பெனால்டி. மே மாத பைனல், கடைசி நிமிஷம், அடித்தால் கப்பு. கோல் கம்பிக்கு மேலே, தென்னைக்கு மேலே, பாறைக்கு மேலே போய்க் கடலில் விழுந்தது பந்து. கட்டுமரம் போய் எடுத்து வந்தது. அன்றிலிருந்து கஸ்பார் ஒரே வசனத்தைத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான், "கடலுக்கு அடிச்சவனுக்குக் கடல்ல இருந்து எதுக்குலே பங்கு?" நன்றாகத்தான் இருக்கிறது வசனம், நானே சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எட்டு வருஷமாகப் பைனல் என்ற ஒன்றையே பார்க்காத ஊர், பைனலில் தோற்றதற்குக் கோபப்படுகிற அளவுக்கு வந்துவிட்டதே, அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைக் கஸ்பாரிடம் சொல்லவில்லை. "ம்" என்றுதான் சொன்னேன்.

மணி அடிக்கிறது, முழங்காலில் நிற்கிறோம். ஈயம் கனக்கிறது, இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு கனமா. மூன்று பையன்கள், மூன்று பையன்கள் என்று கஸ்பார் சொல்கிறான், மனசுக்குள் மூன்று பையன்களையும் மைதானத்தில் இறக்கிப் பார்க்கிறேன். அஜின் இடது பக்கம் ஓடுகிறான். பந்து வருகிறது. இரண்டு பேர் அவன் மேல் விழுகிறார்கள், பந்து போய்விட்டது. மறுபடி ஓட விடுகிறேன். மறுபடி இரண்டு பேர், மறுபடி போய்விட்டது. ஏன் விழுகிறார்கள்? அஜின் இந்த வருஷம் மூன்று கோல் அடித்தானே, அப்போது அவன் மேல் ஏன் ஒருத்தரும் விழவில்லை? அந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், கண்ணை மூடினால் பக்தி என்று லில்லிபுஷ்பம் நினைத்துக்கொள்ளட்டும். முதல் கோல், அஜின் தனியாக நிற்கிறான், அவனைப் பிடிக்க வேண்டியவன் இசக்கி பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறான். இரண்டாவது, அதேதான். மூன்றாவதில் கோலியே இசக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான், பந்து அஜினிடம் இருக்கிறது என்பது அந்த ஆளுக்குத் தெரியவே இல்லை. ஐயோ கஸ்பார், ஐயோ மடையா, உன் மகன் அடித்த கோலெல்லாம் இசக்கி ஆளை இழுத்துக் காலியாக்கின தெருவில் அல்லவா நடந்தது. அவனை அனுப்பிவிட்டு அந்தத் தெருவில் யாரை நிறுத்தப் போகிறாய்? எனக்குச் சிரிப்பு வருகிறது, சாமி அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்தில், மாதா மன்னிக்கட்டும், தோள் குலுங்குகிறது. லில்லிபுஷ்பம் முழங்கையால் இடித்து, "அழுதியா?" என்கிறாள். "இல்லட்டி" என்கிறேன். முட்டு போகலாம், அடுத்த வருஷமே போகலாம், பங்கெல்லாம் வீணாகலாம், அதுவும் உண்மைதான், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனாலும் பாறை மேல் ஏறி நிற்க எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டும். எனக்கு வேண்டும். இதை இப்படிச் சொல்லிப் பார்த்தால் எவ்வளவு சின்ன வாக்கியம்.

நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகிறேன். கையில் வாங்குவதுதான் என் வழக்கம், இன்றைக்குக் கை ஒழிவில்லை, நாக்கை நீட்டுகிறேன், சாமி ஒரு நொடி என் மூடின கையைப் பார்க்கிறார். கடலே இல்லாத ஊர்க்காரருக்கு இதெல்லாம் எங்கே விளங்கும். திரும்பும்போது பெரிய வாசலுக்கு வெளியே இசக்கி நிற்பது தெரிகிறது. கும்பிடுகிற சாமி வேறு, ஆனாலும் டீமோடு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான், உள்ளே வரமாட்டான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நிற்பான். இன்றைக்கும் நிற்கிறான். பெட்டி கட்டித் தயாராக வைத்திருக்கிறான் என்று அஜினே சொன்னான், சொல்லும்போது அஜின் முகமும் ஒன்றும் பூரிப்பாக இல்லை. இசக்கி என்னைப் பார்க்கவில்லை, சின்னக் குழந்தை ஒன்று கோயில் படியில் உருட்டி விளையாடுகிற பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வலது காலை மெல்ல மடக்கி நீட்டுகிறான். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன், பார்த்த பிறகும் மனசு மாறவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

பூசை கழிந்தது. போனின் சத்தத்தைத் திறந்து இடுப்பில் செருகுகிறேன், அவர் விளிப்பார், எடுக்காவிட்டால் அதற்கு வேறு ஒரு வெள்ளிக்கிழமை போகும். கொடிமரத்தடியில் டிரம், சுற்றிலும் ஆண்கள், அந்தக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு பட்டுச் சேலையாக நான். வழி விடுகிறார்கள், என் வாழ்க்கையில் இவ்வளவு அகலமாக யாரும் எனக்கு வழி விட்டதில்லை. ஒவ்வொருத்தராகக் கையை விட்டு எடுக்கிறார்கள். கஸ்பார் என் தோளுக்குப் பின்னால், அவன் மூச்சு கேட்கிறது. "மைனி" என்கிறான். கைக்குட்டையை இடது கைக்கு மாற்றி, உள்ளேயே விரலால் தடவி, கீறல் எது என்று பார்த்து எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் குளிர்ச்சி. கை திறந்தது. அவ்வளவுதானா? இவ்வளவு நாள் பயந்தது இதற்கா? ஈயம் இடது கையில், கைக்குட்டைக்குள், அப்படியே கிடக்கிறது. உபதேசியார் ஜெபமாலையை எடுக்கிறார். அருள் நிறைந்த மரியே, ஒன்று. எல்லார் தலையும் குனிந்திருக்கிறது, எல்லார் கண்ணும் டிரம்மில். ஐந்தாவது, ஆறாவது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பத்து முடிந்து, பிதாவுக்கும் சுதனுக்கும் முடிந்து, உபதேசியார் சாக்கை விலக்கி, குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுகிறார். "ஒண்ணு. ரெண்டு. மூணு." நாலையும் அஞ்சையும் தள்ளுகிறார். "ஆறு." இன்னொரு தடவை எண்ணுகிறார். "ஆறுதான். ஈயம் ஏழு."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கீறல். மணல். பத்துமணி ஜெபம் முழுவதும் அது தண்ணீரைக் குடித்துக் குடித்து, நாங்கள் பக்தியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. கஸ்பார் என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்குகிறான், அவன் கண் நிறைந்திருக்கிறது. "மைனி, மைனின்னா மைனிதான்! அண்ணனுக்கு நானே சொல்லுதேன்." யாரோ கை கொடுக்க வருகிறார்கள். எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. நான் மிதவைதான் போட்டேன், அது எனக்கும் மாதாவுக்கும் தெரியும், வள்ளம் நாளைக்கு இறங்கும், வீட்டில் சண்டை இல்லை, வெள்ளிக்கிழமை உத்தரவு இல்லை, பழைய மிதவை மூழ்கினதற்கு நானா பொறுப்பு, கடவுளே முடிவு செய்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம், சாமி ஒரு பிரசங்கமே வைப்பார். கூட்டம் நகர ஆரம்பிக்கிறது. எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள், கஸ்பார், உபதேசியார், எல்லாரும், வேகமாக, முடிந்தது முடிந்தது என்று. படியில் இசக்கி செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொள்கிறான். வாயில் "ம்" வந்துவிட்டது, உதடு கூடிவிட்டது.

நில்லு, டெல்பின்.

பட்டுச் சேலையை நனையவிட்டுக் கையைத் தோள் வரைக்கும் டிரம்முக்குள் விட்டேன். ஈயம், ஈயம், ஈயம், மணல், கீறல். இழுத்து வெளியே எடுத்தேன். "இது எனக்க மிதவ!" என் குரல் இவ்வளவு பெரிதா, பாறை மேல் நின்று கத்தினது போல் இருக்கிறது. "இதுல ஓட்ட கெடக்கு. வெள்ளம் கேறி தாந்துபோச்சு. நான் போட்டது ஈயம் இல்ல, எனக்க ஈயம் இந்தா கையில இருக்கு, பாருங்க." கைக்குட்டையை உதறி ஈயத்தை உபதேசியார் காலடியில் போட்டேன். உபதேசியார் தலையைச் சொறிகிறார். "அது செரிதான், டெல்பினு. ஆனா மேல கெடக்கத மட்டும் எண்ணணும்னுல்லா வழக்கம். இது தாந்துபோச்சே." மிதவையைத் தண்ணீர் மேல் வைத்து, கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தேன். "இப்பம் மேல கெடக்கா இல்லியா? எண்ணுங்க. எண்ணித் தீரது வர இப்படியே நிக்கேன்."

"மைனி, கையெடுங்க. பெறவு வள்ளத்துக்கு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்." கஸ்பாரின் முகம் கறுத்துவிட்டது. பயம் வந்தது, வந்து என்னைத் தாண்டி ஐஸ்காரன் சைக்கிள் வரைக்கும் போய்விட்டது. "வராட்டா வேற ஆளப் பாப்பேன். வள்ளம் எனக்க பேருல இருக்கு. ஒண்ணு மட்டும் கேக்கேன் கஸ்பாரு, அஜின் அடிச்ச மூணு கோலும் எப்பிடி விழுந்துது? அவனப் பிடிக்க வேண்டியவன் எவன் பொறத்தால ஓடினான்? வீட்டுல போயி ஒனக்க மவன்ட்ட கேளு." கேட்க வீட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அஜின் அங்கேயே நின்றான், தலையைக் குனிந்துகொண்டு, "அது உள்ளதுதாம்ப்பா. இசக்கியண்ணன் போனா எனக்குப் பந்தே வராது" என்றான். கஸ்பார் மகனைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான், என் நனைந்த சேலையைப் பார்த்தான். கை வலிக்கிறது, மிதவை உள்ளங்கையில் வழுக்குகிறது, உபதேசியார் இன்னும் வழக்கத்தை யோசித்துக்கொண்டிருக்கிறார். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, படிப் பக்கமிருந்து, ஒரு குரல், "நில்லுங்க யக்கா! அப்பிடியே நில்லுங்க!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை, அப்புறம் ஊரே சிரித்தது, ஈயம் போட்டவர்களும் சேர்ந்து. உபதேசியார் குனிந்தார். முதலிலிருந்து, விரலால் தொட்டுத் தொட்டு, என் கைக்கு வந்ததும் கொஞ்சம் நின்று, அதையும் தொட்டார். "ஏழு" என்றார். தண்ணீர் தெறிக்கிறது, யாரோ கோயில் மணிக் கயிற்றுக்கு ஓடுகிறார்கள், லில்லிபுஷ்பம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறாள். கஸ்பார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு எப்பம் எறக்கணும்?" என்று கேட்டான். "எப்பவும் போல" என்றேன். எவ்வளவு சந்தோஷம், தாங்க முடியவில்லை, நெஞ்சு முழுக்க. இடுப்பில் போன் அடிக்கிறது. ஓமன்தான். அடிக்கட்டும், இன்னொரு தடவை எண்ணச் சொல்லியிருக்கிறேன், கை ஒழிவில்லை.